கன்னி மூலையில் பாரம்

அன்றைக்குக் கூடத்தில் இருந்தவர்கள்: நாற்காலியில் அப்பா அடைக்கலம். சமையலறை வாசலில் சாய்ந்தபடி அம்மா சுகுணா. ஃபேனுக்கு நேர் கீழே அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா குழந்தைசாமி. டீப்பாயில் சொம்பில் சாய்த்து வைத்திருந்த செல்போனுக்குள், கத்தாரில் இருக்கும் அண்ணன் கோபிநாத். சுவரோரம் நின்றுகொண்டு தங்கை ஹரிணி. மாடிப்படியில் நான், பிரசாந்த். சென்னையில் ராத்திரி ஷிப்ட் வேலையை விட்டுவிட்டு வந்து வீட்டில் கிடந்தவன். என்னை யாரும் கூப்பிடவில்லை. எழுந்து போகச் சொல்லவும் இல்லை.

விசாரணை ஒரு போட்டோவைப் பற்றி. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு புரோட்டாக் கடையில் ஹரிணி இரண்டு பையன்களோடு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறாள். யாரோ எடுத்து மாமாவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பியிருந்தார்கள். அந்தப் பையன்கள் தன்னோடு பளு தூக்கப் பழகுகிறவர்கள் என்றாள் ஹரிணி. எதிரில் கோச் பிளெஸ்ஸி அக்காவும் இருந்தார் என்றாள்.

"அந்தம்மா படத்துல இல்லையே, ஆத்தா" என்றார் மாமா.

ஹரிணி கல்லூரியில் இரண்டாம் வருஷம். பளு தூக்குவதில் மாவட்டத்தில் முதலிடம். பிளெஸ்ஸி அக்கா புதுக்கோட்டையில் ஒரு தகரக் கொட்டகையில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். கல்லூரி விட்டதும் ஹரிணி அங்கே போவாள், பயிற்சி முடித்துவிட்டு டவுன் பஸ் பிடித்து வல்லத்திராக்கோட்டைக்கு வருவாள். இந்த வருஷம் மாநிலப் போட்டியில் இடம் பிடித்துவிட்டால் ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு மனுப் போடலாம் என்று பிளெஸ்ஸி அக்கா அப்பாவிடம் சொல்லியிருந்தார். ரயில்வே என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அப்பா அவளை இத்தனை நாள் பஸ் ஏற விட்டார்.

மாமா எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். அப்பாவுக்கு ரயில்வேயை விட மனசில்லை, போட்டோவையும் விழுங்க முடியவில்லை. இருவரையும் கோபிநாத்தான் காப்பாற்றினான்.

"வெளிய போறதுதான பிரச்சனை? வீட்டுலயே போட்டுக் குடுத்துருவோம்ப்பா. என்னென்ன வேணும்னு ஹரிணிய லிஸ்ட் அனுப்பச் சொல்லுங்க."

எல்லாருக்கும் மூச்சு வந்தது. அம்மா காப்பி போடப் போனாள். ஹரிணியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் மொட்டைமாடியில் துணி காயப்போட்டபடி அவள் தன் திட்டத்தைச் சொன்னாள். பிளெஸ்ஸி அக்காவிடம் கேட்டிருக்கிறாள். பழைய கம்பி ஒன்று, கைமாறிய எடைத் தட்டுகள், கீழே மணலைக் கொட்டி மேலே இரண்டு பிளைவுட் பலகை. அறுபதாயிரத்துக்குள் முடிந்துவிடும், ஆனால் தனியாகத் தூக்கினால் தப்பாகத்தான் தூக்குவாய் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். ஹரிணி இதில் எதையும் வீட்டில் சொல்லப் போவதில்லை. போட்டிகளில் வைக்கிற வெளிநாட்டுக் கம்பி, கலர் கலரான ரப்பர் தட்டுகள், மரமும் ரப்பரும் பதித்த மேடை, கம்பியைத் தாங்கும் இரும்புச் சட்டம், ஆளுயரக் கண்ணாடி என்று இருப்பதிலேயே விலை கூடியதாகப் பொறுக்கி எழுதியிருந்தாள்.

"மூணே முக்கால் லட்சம் வருது. அண்ணன் வாயப் பொளந்துருவான். அப்பறம் பஸ்லயே போயிட்டு வான்னு சொல்லிருவாங்க."

"ஃபேன் கேட்டதுக்கு ஏசி வாங்கி மாட்டுனவன்டி அவன்" என்றேன்.

"அது அம்மா கேட்டது. இது நான் கேக்குறது."

அவளுக்கு அண்ணனைத் தெரியவில்லை. வீட்டுக்குப் பணம் அனுப்புவதைத் தவிர அவனுக்கு அங்கே வேறு சந்தோஷம் கிடையாது. தன் கல்யாணத்துக்கு மண்டபம் பிடிக்கவென்று சேர்த்து வைத்திருந்ததை எடுத்து, ஒரு கேள்வியும் கேட்காமல் அனுப்பிவிட்டான். தொகை அப்பாவின் கணக்கில் விழுந்த அன்றைக்கே ஊருக்குத் தெரிந்துவிட்டது. அப்பாதான் சொன்னார். டீக்கடையில், பால் சொசைட்டியில், எரு ஏற்ற வந்த டிராக்டர்காரனிடம். ஒரு பொம்பளப் பிள்ளைக்கு மூணே முக்கால் லட்சத்தில் வீட்டிலேயே ஜிம் போடும் குடும்பம் என்று ஊர் எங்களைப் பார்த்தது. அப்பாவின் நடையே மாறிப்போனது.

அதற்குப் பிறகு ஹரிணி டவுனுக்குப் போகிறேன் என்று எப்படிக் கேட்பாள்? அறுபதாயிரத்தில் போட்டிருந்தால் அழுது கேட்டிருக்கலாம். இது வசதியில்லை, அது சரியில்லை என்று குறை சொல்லியிருக்கலாம். குறையே இல்லாததாகப் பார்த்து அவளே எழுதிக் கொடுத்துவிட்டாள்.

எந்த அறையில் போடுவது என்பதை மாமா முடிவு செய்தார். மாமா காண்ட்ராக்ட் எடுத்து வீடு கட்டிக் கொடுப்பவர். சட்டைப் பையில் பேனாவோடு திசைகாட்டியும் இருக்கும். எங்கள் வீட்டின் தென்மேற்கு மூலையில், அதாவது கன்னி மூலையில், நெல் மூட்டை அடுக்கும் அறை ஒன்று உண்டு. இப்போது நெல் வயலிலிருந்து நேராகக் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுவதால் அறை காலியாகத்தான் கிடந்தது. கன்னி மூலையில் பாரம் இல்லாத வீட்டில் காசும் தங்காது, கல்யாணமும் கூடிவராது என்று மாமா வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா ஒரு பழுதான மோட்டாரைத் தூக்கி உள்ளே வைத்ததோடு சரி.

"இரும்பும் ரப்பருமா எறங்குது, மாப்ள. இதுக்கு மேல என்ன பாரம் வேணும்? பிள்ளைக்கும் ஆச்சு, வீட்டுக்கும் ஆச்சு."

ஜன்னல் ஒன்றே ஒன்று, அதுவும் சின்னது, பரண் இடிக்கும் என்றாள் ஹரிணி. கையை மேலே தூக்கினால் கம்பி பரணில் முட்டும். மாமா ஆள் வைத்துப் பரணை இடித்தார். ஜன்னல் அப்படியே இருந்தது.

சாமான்கள் டாடா ஏஸில் வந்தன. தட்டு ஒவ்வொன்றுக்கும் அம்மா சந்தனம் குங்குமம் வைத்தாள். மாமா வாசலில் பூசணிக்காய் உடைத்தார். சொந்தக்காரர்கள் வந்து கேசரி தின்றுவிட்டு, கம்பியை ஆளுக்கு ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிளெஸ்ஸி அக்காவைக் கூப்பிடவில்லை. அவர் வந்தால் அந்தப் பையன்களும் வருவார்கள் என்று மாமா சொல்லிவிட்டார்.

ஹரிணி கல்லூரி விட்டு வந்ததும் அந்த அறைக்குள் போனாள். நான் செல்போனில் படம் பிடிப்பேன், அவள் பிளெஸ்ஸி அக்காவுக்கு அனுப்புவாள், குரல் பதிவு திரும்பி வரும். முதுகு வளைகிறது. குதிகால் தூக்குகிறது. பக்கத்தில் யாராவது தூக்கத் தெரிந்தவர்களை நிற்கச் சொல். நான் பக்கத்தில் நின்றேன். எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. கொட்டகையில் ஒருத்தர் கம்பியைப் பிடித்தால் மற்ற எல்லாரும் கத்துவார்களாம், அந்தச் சத்தத்திலேயே பாதி எடை குறைந்துவிடுமாம். இங்கே சமையலறையிலிருந்து கிரைண்டர் சத்தம் வரும். ஆனாலும் அவள் தூக்கினாள். கொட்டகையில் தூக்கியதைவிடக் கூடுதலாகவே தூக்கினாள். தலைக்கு மேலே நிறுத்தி, நேராக நின்று, பிறகு கையை விட்டுவிடுவாள். அப்படித்தான் போட வேண்டுமாம், மெதுவாக இறக்கினால் தோள் போய்விடுமாம். தட்டுகள் மேடையில் விழும்போது வீடு ஒரு தரம் உதறும்.

அதற்குப் பிறகு வீட்டில் நல்லது நடந்தது. கோபிநாத்துக்கு சூப்பர்வைசராகப் பதவி உயர்வு வந்தது. கீரமங்கலத்தில் அவனுக்குப் பெண் அமைந்தது. தேங்காய் விலை ஏறியது. மாமா எல்லாவற்றுக்கும் கன்னி மூலையைக் காட்டினார். வந்தவர்களைச் சாப்பாட்டுக்கு முன்பே அந்த அறைக்குக் கூட்டிப்போனார்கள். பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அம்மா வெள்ளிக்கிழமைகளில் மேடை ஓரத்தில் விளக்கேற்றினாள். அது தானாக அணையும் வரை ஹரிணி வெளியே காத்திருக்க வேண்டும்.

"எண்ணெயக் கொஞ்சமா ஊத்தும்மா" என்று அவள் கெஞ்சுவாள். "சாமிக்கு என்னடி கஞ்சத்தனம்" என்பாள் அம்மா.

பிறகு நல்லது நின்றது. வண்டி ஏறிக் காய் உதிரட்டும் என்று ரோட்டில் யாரோ கொள்ளுச் செடியைப் பரப்பிப் போட்டிருந்தார்கள். அப்பாவின் பைக் அதில் சறுக்கியது. தொடை எலும்பு முறிந்து, கம்பி வைத்து, அப்பா வீட்டுக்கு வந்து கூடத்துக் கட்டிலில் படுத்தார். அந்தக் காயம் ஆறும் முன்பே கோபிநாத்தின் கம்பெனி சம்பளத்தை நிறுத்தியது. வேலையும் இல்லை, ஊருக்கு வரக் காகிதமும் கொடுக்கவில்லை. தொழிலாளர் கேம்ப்பில் உட்கார்ந்திருந்தான். கீரமங்கலத்துக்காரர்கள் முதலில் பார்க்கலாம் என்றார்கள், அப்புறம் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

மாமா திசைகாட்டியோடு வந்தார். அறையைச் சுற்றி நடந்தார். ஹரிணியை எப்போதும் போலத் தூக்கச் சொன்னார். அவள் தூக்கிப் போட்டாள். மாமா சுவரில் உள்ளங்கையை வைத்தபடி கண்ணை மூடி நின்றார். வெளியே வந்து அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்தார்.

"தூக்குறதுகூடப் பரவால்ல, ஆத்தா. கீழ போடுறியே, அதான். கன்னி மூலைல பாரம் குந்தியிருக்கணும். நீ தெனமும் அத எழுப்பி எழுப்பி விடுற. எப்படி நிக்கும் வீடு?"

"அப்பா கொள்ளுல வழுக்குனதுக்கு நான் என்ன மாமா பண்ணுவேன்?"

"அந்த ரோட்டுல ஊரே போவுது. ஒங்கப்பன் மட்டும் ஏன் விழுந்தாரு?"

ஹரிணி அறைக்குள் திரும்பிப் போய்க் கம்பியிலிருந்து தட்டுகளைக் கழற்றி அடுக்கினாள்.

தட்டுகள் இருந்த இடத்தில் இருக்கட்டும், இனி யாரும் தூக்கக் கூடாது என்று முடிவானது. அப்படியானால் அவற்றை வெளியே தென்னந்தோப்புக்கு எடுத்துப் போய் அங்கே பழகுகிறேன் என்றாள் ஹரிணி. கன்னி மூலைக்குள் பூசை போட்டு இறக்கிய பாரத்தை வெளியே எடுத்தால் மிச்சமிருப்பதும் போய்விடும் என்றார் மாமா. அதே எடைக்குக் கருங்கல் வாங்கி உள்ளே அடுக்கிவிட்டுத் தட்டுகளை எடுத்துக்கொள்ளலாமே என்று நான் சொன்னேன். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"வேலைய விட்டுட்டு வந்து குப்புறப் படுத்திருக்கிறவரு வாஸ்து சொல்றாரு, கேட்டுக்குங்க மாப்ள."

அப்பாகூடச் சிரித்தார். தொடை வலியோடு.

கடைசியாக அவள் கேட்டது கொட்டகையைத்தான். மாநிலப் போட்டி நாமக்கல்லில் நெருங்கிவிட்டது, அதுவரைக்கும் மட்டும் பிளெஸ்ஸி அக்காவிடம் போய்வருகிறேன், பிரசாந்த் அண்ணன் கூட வரட்டும் என்றாள். அப்பா கட்டிலில் கிடந்தபடி விட்டத்தைப் பார்த்துப் பேசினார். வீட்டுக்குள் அவ்வளவு செலவில் போட்டுக் கொடுத்தாகிவிட்டது, ஊரே வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது, அதை விட்டுவிட்டு வயசுப் பிள்ளை மறுபடியும் பஸ் ஏறினால் ஜனம் வேறு காரணம்தான் தேடும் என்றார். அவர் சொன்னது உண்மை. தேடியிருப்பார்கள். வீட்டில் ஜிம் இருப்பதால் அவள் வெளியே போக முடியாது. வீட்டில் இருக்கும் ஜிம்மைத் தொட முடியாது. இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. எல்லாரும் நல்லதுதான் செய்தார்கள்.

கொல்லையில் ஒட்டடைக் கம்பை வைத்துக்கொண்டு அவள் தூக்குவதுபோலச் செய்து பார்ப்பாள். எடையே இல்லாத கம்பு. உட்காருவாள், எழுவாள், கையை விரித்து நிற்பாள். பிளெஸ்ஸி அக்கா எனக்குப் போன் செய்தார். பெயர் கொடுத்தாகிவிட்டது, ரயில்வேக்காரர்கள் பார்க்க வருகிறார்கள், இத்தனை நாள் தூக்காமல் நேராகப் போட்டிக்கு வந்தால் முதுகு போய்விடும், குறைந்தது ஒரு தடவையாவது முழு எடையில் தூக்கிப் பார்க்கச் சொல் என்றார். அவளை அனுப்பிவைக்க முடியுமா என்று கேட்டார். பார்க்கிறேன் என்றேன். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அம்மாவுக்கு அந்தக் கம்பும் பிடிக்கவில்லை. முன்பெல்லாம் கோபிநாத் போனில் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பான், தேங்காயைப் பற்றிக் கேட்பான். இப்போது கேம்ப்பிலிருந்து பேசும்போது முதலில் கேட்பது ஒன்றுதான். "அவ இன்னும் தூக்குறாளாம்மா?" அம்மா போனை வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய் ஹரிணியின் கையிலிருந்து கம்பைப் பிடுங்கிக்கொண்டு வருவாள்.

நாமக்கல் போக வேண்டிய அன்று மத்தியானம். மாமா அப்பாவைப் பார்க்க வந்திருந்தார். கூடத்தில் இலை போட்டு அம்மா அவருக்குக் கோழிக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். கன்னி மூலை அறையிலிருந்து சத்தம் வந்தது. கம்பியில் தட்டுக் கோர்க்கும் சத்தம், அதன் பின்னால் இன்னொன்று, இன்னொன்று. அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஓடினாள். மாமா எச்சில் கையோடு எழுந்து போனார், பின்னாலேயே நானும்.

ஹரிணி பவுடரைக் கையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். காலில் ஷூ. பை சுவரோரம் கட்டி வைத்திருந்தது. கம்பியின் இரண்டு பக்கமும் அவள் இதுவரை இந்த வீட்டில் தூக்கியிராத எடை.

"வேணாம்டி. கைய வைக்காத" என்றாள் அம்மா. அவள் குரல் கெஞ்சவில்லை, பயந்திருந்தது.

"ஒரே ஒரு தடவைம்மா. தூக்கிப் பாத்துட்டுத்தான் போவேன்."

குனிந்து பிடித்தாள். கம்பி மூட்டைத் தாண்டி, இடுப்பைத் தாண்டி, ஒரே வீச்சில் தோளுக்கு வந்தது. அவள் அதன் அடியில் தரையோடு குந்திப் போனாள். எழ மாட்டாள் என்றுதான் நினைத்தேன். கால் நடுங்கியது. முகம் கறுத்தது. எழுந்தாள். ஒரு மூச்சு இழுத்து, மேலே தள்ளி, ஒரு காலை முன்னே எறிந்து நின்றாள். பிறகு இரண்டு காலையும் சேர்த்தாள். இடித்த பரணின் சிமெண்டு விளிம்புக்குக் கீழே கம்பி அசையாமல் நின்றது. நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை.

"அப்படியே மெதுவா எறக்கிரு, தாயி" என்றார் மாமா. அவர் அவளிடம் கெஞ்சி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "சத்தமில்லாம எறக்கிரு."

ஹரிணி அவரைப் பார்த்தபடி இரண்டு கையையும் திறந்தாள்.

ஷெல்பிலிருந்த பாத்திரங்கள் சமையலறையில் விழுந்து உருண்டன. கட்டிலில் இருந்து அப்பா என்ன என்ன என்று கூப்பிட்டார். தட்டுகள் ஒரு துள்ளுத் துள்ளி, உருண்டு, மேடை ஓரத்தில் போய் நின்றன. அவள் கையைத் துண்டில் துடைத்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எங்களைத் தாண்டிக் கூடத்துக்கு வந்தாள்.

"நாமக்கல் போறேன்ப்பா. பிளெஸ்ஸி அக்கா பஸ் ஸ்டாண்டுல நிக்கிறாங்க."

அப்பா எழ முயன்றார், முடியவில்லை. போனால் எங்கே வந்து நிற்பாய் என்று கேட்டார். அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வாசலில் இறங்கினாள்.

மாமா வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு பைக் சாவியைத் தேடினார். டிவி மேல் இருந்தது. "பஸ் வர நேரமிருக்கு. ரோட்டுலயே முடியப் புடிச்சு இழுத்துட்டு வாரேன், மாப்ள. கவலைப்படாதீங்க." நான் குறுக்கே நின்றேன். அவர் ஒரு கையால் என்னைத் தள்ளினார். நான் சுவரில் போய் மோதினேன். அவர் திரும்பியபோது வாசற்படியில் அம்மா நின்றிருந்தாள்.

"வெலகு, சுகுணா."

"இழுத்துட்டு வந்து?"

"கால ஒடிச்சு வீட்டுல போடுவோம்."

"காலு ஒடிஞ்சாலும் ஊந்து போயி அதத்தாண்ணே தூக்குவா. பாத்தியள்ல." அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "எம்மயன் அங்க சோறு தண்ணியில்லாம கெடக்கான். இந்த மனுசன் கட்டில்ல கெடக்காரு. அவ இங்க இருக்க வேணாம். எங்கயாச்சும் போயித் தூக்கட்டும், போட்டு ஒடைக்கட்டும். இந்த வீட்டுக்குள்ள வேணாம்."

மாமா வாயைத் திறந்தார். அவர் சொல்லிக் கொடுத்ததைத்தான் அவள் சொல்கிறாள். பைக் சாவியைத் திரும்ப டிவி மேல் வைத்தார்.

அம்மாவின் தோளுக்கு மேலே தெரு தெரிந்தது. ஹரிணி கேட்டைத் தாண்டி நின்று திரும்பிப் பார்த்தாள். அம்மா வாசலில் நிற்பதைக் கண்டு, வழியனுப்ப வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டாள் போல. பையைத் தோளில் சரிசெய்துகொண்டு கையைத் தூக்கினாள். "வாரேன்ம்மா."

அம்மா கதவை இழுத்துச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள். ஆணியில் தொங்கிய பூட்டை எடுத்து மாட்டிப் பூட்டிவிட்டு, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள்.